போகோ போகோ: பொனேர் தீவில் கடலடிக்குப் போகக் கற்ற ஒரு வாரம்

மார்ச் 9, 2025, ஞாயிறு. அட்லாண்டா

கரீபியனில் எங்கே போய் ஸ்கூபா, அதாவது காற்று டேங்க்கைச் சுமந்து நீருக்கடியில் மூச்சுவிட்டு நீந்துவது, கற்றுக்கொள்வது என்ற பேச்சு எனக்கும் தம்பிக்கும் இடையே ஆறு வாரங்களாக நடந்து, இன்றுதான் முடிவுக்கு வந்தது. அவன் டொரண்டோவில் இருக்கிறான், வயது 41, பள்ளிக் காலத்திலிருந்தே நன்றாக நீந்துவான். நான் தூத்துக்குடியில் கடலுக்கு மூன்று தெரு தள்ளிப் பிறந்திருந்தும், 43 வயதில்தான், அதுவும் அட்லாண்டாவில் ஒரு நீச்சல் குளத்தில், நீந்தக் கற்றேன். இப்போது எனக்கு 46. ஆகவே "புதியவர்களுக்கு ஏற்ற இடம்" என்று நாங்கள் தேடத் தொடங்கியபோது, அந்தச் சொல்லுக்கு அவன் கொண்ட பொருள் வேறு, நான் கொண்ட பொருள் வேறு.

அவன் முதலில் கேட்டது பெலீஸின் நீலக் குழி. வானிலிருந்து எடுத்த அதன் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஏறக்குறைய 300 மீட்டர் அகலத்தில், 120 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வெளிர்நீலக் கடலுக்கு நடுவே கருநீல வட்டமாக இருக்கும். ஆனால் அதன் உள்ளே மக்கள் பார்க்கப் போகும் சுண்ணாம்பு விழுதுகள் 30 மீட்டரைத் தாண்டிய ஆழத்தில் இருக்கின்றன. முதல் சான்றிதழ் பெற்றவருக்கோ 18 மீட்டர்தான் எல்லை. பார்க்கப் போனதைப் பார்க்காமல் திரும்புவதற்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை என்று அவனே ஒப்புக்கொண்டான். அடுத்து மெக்சிகோவின் கோசுமெல். அங்கே தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். பவளப்பாறைச் சுவர்களின் அழகைப் பற்றி எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஆனால் அங்கு நீரோட்டம்தான் ஆளைக் கொண்டுபோகிறது. படகு மேலே பின்தொடர்ந்து வந்து, எழுகிற இடத்தில் ஏற்றிக்கொள்கிறது. நீருக்குள் தன் உடலின் மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவருக்கு அது சுகம். தெரியாதவரும் நல்ல வழிகாட்டியோடு செய்கிறார்கள் என்றாலும், வேண்டிய இடத்தில் நிற்க முடியாத கடலில் என் முதல் பாடத்தைப் படிக்க நான் விரும்பவில்லை. சாபா தீவின் நீரடிச் சிகரங்கள் அனுபவப்பட்டவர்களுக்கு உரியவை. கிராண்ட் கேமன் அமைதியான கடல்தான், ஆனால் எங்கள் கைக்கு மீறிய செலவு. ஹோண்டுராஸின் ரோட்டானும் உட்டிலாவும் செலவு குறைந்தவை, உண்மையிலேயே நல்ல தெரிவுகள். எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் விடுப்பு ஒத்துவந்து, விமானமும் ஒத்துவந்திருந்தால் அங்கேயே போயிருப்போம்.

கடைசியில் நின்றவை குரசாவும் பொனேரும். இரண்டும் வெனிசுவேலாவின் கரைக்கு எதிரே, கரீபியனின் தென் ஓரத்தில் இருக்கின்றன. ஜூன் முதல் நவம்பர் வரை நீளும் புயல் பருவத்தில் பெரும்பாலான புயல்கள் இவற்றுக்கு வடக்கேதான் போகின்றன. அறவே தீண்டுவதில்லை என்று சொல்ல முடியாது. 1999-இல் லென்னி என்ற புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து வந்து, பொனேரின் ஆழம் குறைந்த பவளங்களை உடைத்துப் போட்டது. ஆனாலும் ஆண்டில் பெரும்பகுதி கிழக்குக் காற்றுதான் வீசுகிறது. தீவின் மேற்குக் கரை அந்தக் காற்றுக்கு முதுகு காட்டி அமைதியாகக் கிடக்கிறது. பொனேரில் 80-க்கும் மேற்பட்ட முக்குளிப்பு இடங்கள் உள்ளன. அவற்றில் 50-க்கும் அதிகமானவற்றுக்குப் படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். நடந்து இறங்கினால் நடந்தே ஏறலாம் என்று நான் தம்பியிடம் சொன்னேன். "சரி அக்கா, உங்கள் கடலுக்கே போவோம்" என்றான்.

ஏப்ரல் 5, சனி. கிராலண்டைக்

இருவரும் பொனேரின் தலைநகரான கிராலண்டைக்குக்கு வந்து சேர்ந்தோம். என் பெட்டி வந்து சேரவில்லை. துணிமணி போனாலும் பொறுத்திருப்பேன். அதற்குள்தான் என் கண் பவருக்கு ஏற்ப, மைனஸ் 5 கண்ணாடி பொருத்திச் செய்த மாஸ்க், கண்ணையும் மூக்கையும் மூடும் முக்குளிப்பு முகமூடி, இருந்தது. மூக்குக்கண்ணாடி அணிந்துகொண்டு மாஸ்க் போட முடியாது. கண்ணாடி இல்லாமல் என்னால் கைநீட்டும் தொலைவுக்கு அப்பால் எதையும் தெளிவாகப் பார்க்க முடியாது. இனி இதைப் படிக்கும் எவரும் மாஸ்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவை எல்லாவற்றையும் அங்கே வாடகைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

பொனேர் 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் தனிவகை நகராட்சியாக இருக்கிறது, ஆனால் 2011 முதல் புழங்கும் பணம் அமெரிக்க டாலர். வருகை வரி ஆளுக்கு 75 டாலர். கடற்பூங்காவைப் பராமரிக்கும் ஸ்டினாபா அமைப்புக்கு இயற்கைக் கட்டணம் 40 டாலர். நீரில் இறங்கும் எவரும் இதைக் கட்டியாக வேண்டும். செலவுக் கணக்கில் இவற்றைச் சேர்க்காமல் வருபவர்கள் முதல் நாளே முகம் சுளிப்பார்கள். நான் அப்படிச் சுளிக்கவில்லை. 1979 முதல் பாதுகாக்கப்பட்டுவரும் ஒரு கடலுக்குள் போகக் கொடுக்கும் பணம் அது.

மாலையில் தண்ணீர் பாட்டில் வாங்க ஒரு சிறு கடைக்குள் நுழைந்து நேரடியாக விலையைக் கேட்டேன். கல்லாவில் இருந்த பெண்மணி பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, "பொன் தார்தி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நானும் "பொன் தார்தி" என்ற பிறகுதான் விலையைச் சொன்னார். அதோடு, குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், கடல்நீரைச் சுத்திகரித்துத் தருவது, பாட்டிலுக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்றும் சொன்னார். வியாபாரத்தை இழந்து நமக்கு நல்லதைச் சொன்ன அவருடைய முதல் நிபந்தனை வணக்கம் மட்டுமே. இந்த ஊரில் கடைக்குள் நுழைபவர் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொல்கிறார். காலையில் "பொன் தியா", பிற்பகலில் "பொன் தார்தி", இரவில் "பொன் நோச்சி". இந்தத் தீவின் மொழியான பாப்பியமெந்துவில் நான் கற்ற முதல் சொற்கள் இவை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பயிற்சிக் கட்டணம் ஆளுக்கு 520 டாலர். பாடப் பகுதியை இருவரும் வீட்டிலேயே கணினியில் படித்து முடித்திருந்தோம். உடல்நலக் கேள்வித்தாள் எனக்கு முன்பே தெரியும். சிறுவயதில் எனக்கு இழுப்பு இருந்ததால், அட்லாண்டாவிலேயே மருத்துவரிடம் மூச்சுத்திறன் பரிசோதனை செய்து, கையெழுத்து வாங்கி வந்திருந்தேன். அப்படி வாங்காமல் வந்த ஒருவர் இன்று எங்கள் கண்முன்னே திருப்பி அனுப்பப்பட்டார். உள்ளூர் மருத்துவரைப் பார்த்துவிட்டு நாளை வரச் சொன்னார்கள். கேள்வித்தாளில் உண்மையை எழுதுவதும், கேள்வி எழுந்தால் ஊரிலேயே மருத்துவரைப் பார்ப்பதும் இடத்தைத் தேர்வதற்கு முந்தைய வேலைகள். கிராலண்டைக்கில், ஆழத்திலிருந்து வேகமாக மேலேறுவதால் வரும் கோளாறுக்கான அழுத்தச் சிகிச்சை அறை உள்ள மருத்துவமனை இருக்கிறது என்பதும் நான் பொனேரைச் சொன்னதற்கு ஒரு காரணம்.

எங்கள் பயிற்றுநர் இந்தத் தீவிலேயே பிறந்த, ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. நான்கு மொழிகள் பேசுகிறார். நான்கிலும் குறைவாகவே பேசுகிறார். முதலில் கடற்பூங்காவின் விதிகளைச் சொன்னார். பவளத்தைத் தொடக் கூடாது, மேலே நிற்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது, கையுறை அணியக் கூடாது. கையுறைக்கு ஏன் தடை என்று தம்பி கேட்டான். கையில் உறை இருந்தால் மனிதன் எதையாவது பிடிப்பான், வெறுங்கையாக இருந்தால் யோசிப்பான் என்றார். நான் கொண்டுவந்த சன்ஸ்க்ரீனின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு அதை ஓரமாக வைத்தார். பவளத்துக்குக் கேடு தரும் ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் அதில் கலந்திருந்தது. நீளக்கைச் சட்டையே சிறந்த பூச்சு என்றார்.

மாஸ்க் வாடகைப் பெட்டியில் மைனஸ் 4 ஒன்று கிடைத்தது. தண்ணீருக்கடியில் பொருள்கள் சற்றுப் பெரிதாகவும் பக்கத்திலும் தெரிவதால் அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

ஆழமற்ற மணல் பகுதியில், இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டபடி பயிற்சி தொடங்கியது. டேங்க்கிலிருந்து காற்றைத் தரும் வாய்க்கருவியான ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்ப வைப்பது எனக்கு எளிதாக இருந்தது. மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றுவதுதான் கடினம். முதல் மூன்று முறையும் மூக்கில் உப்புநீர் ஏறி, எழுந்து நின்று இருமினேன். எழுந்து நிற்க முடிந்தது என்பதுதான் இங்கே முக்கியம். நான்காம் முறை பயிற்றுநர் தம் இரு கைகளாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தானும் தம் மாஸ்க்கை நீரால் நிரப்பி, என்னோடு சேர்ந்தே ஊதினார். வந்துவிட்டது.

இன்னொரு பிழையையும் எழுதி வைக்கிறேன், பிறருக்கு உதவும். "சரிதானே?" என்று அவர் சைகையில் கேட்டபோது, பழக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் உடனே என்னை மேலே கொண்டுவந்துவிட்டார். நீருக்கடியில் கட்டைவிரல் மேல்நோக்கி இருந்தால், முடித்துக்கொண்டு மேலே போகலாம் என்று பொருள். நலம் என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்தான் குறி.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று முதல் உண்மையான முக்குளிப்பு. பொனேரின் மேற்குக் கரையோரம் கடலடி எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சொன்னால்தான் இன்று நடந்தது விளங்கும். கரையிலிருந்து மணலும் சிதறிய பவளமுமாக ஒரு தட்டு மெல்லச் சரிந்து போகிறது. ஏறக்குறைய 10 மீட்டர் ஆழத்தில் அது முடிந்து, அங்கிருந்து பவளச் சரிவு கீழே இறங்குகிறது. அதாவது ஆழத்துக்குப் போவதும் முன்னே போவதும் ஒன்றாகவே நடக்கின்றன; நீங்கள் நீந்தாமல் நின்றால் ஆழமும் நின்றுவிடுகிறது.

4 மீட்டரில் என் இடக் காதில் ஊசி குத்துவது போல வலித்தது. காதுக்குள் அழுத்தத்தைச் சமன்செய்ய மூக்கைப் பிடித்து ஊதினேன், வலக் காது திறந்தது, இடக் காது திறக்கவில்லை. பயிற்றுநர் அரை மீட்டர் மேலே வரச் சொன்னார், மீண்டும் முயன்றோம், மீண்டும் அதே வலி. கடல்மட்டத்தில் ஒரு மடங்காக இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் இரு மடங்காகிறது. அதே இரு மடங்கு மீண்டும் இரட்டிக்க 30 மீட்டர் வரை போக வேண்டும். ஆகவே புதியவர் எதிர்கொள்ளும் கடினமான மாற்றம் இந்த முதல் சில மீட்டர்களில்தான் இருக்கிறது. ஆழம் குறைவு என்பதால் காதுக்கு எளிது என்று நான் நினைத்திருந்தது தவறு.

நான் கட்டைவிரலை உயர்த்தினேன், இம்முறை பொருள் தெரிந்தே. மேலே வந்ததும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். தம்பிக்கும் பயிற்றுநருக்கும் ஒரு காலையை வீணாக்கிவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு. பயிற்றுநர் என்னைப் பேசவிடவில்லை. "எவரும், எந்த முக்குளிப்பையும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே நிறுத்தலாம். இதுதான் இன்றைய பாடம், அதில் நீங்கள் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்" என்றார். பிறகு இருபது மீட்டர் நீந்தி, காலூன்றி, நடந்து கரையேறினோம். படகில் வந்திருந்தால் எட்டுப் பேர் எனக்காகக் காத்திருப்பார்கள் என்ற எண்ணத்திலேயே, வலியைப் பொறுத்துக்கொண்டு இன்னும் ஒரு மீட்டர் இறங்கியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். செவிப்பறை கிழிவது அப்படித்தான்.

நாளை முழுதும் நான் நீரில் இறங்க வேண்டாம் என்று முடிவாயிற்று. அடைப்பு நீக்கும் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். மருந்தின் வேகம் பாதி வழியில் தீர்ந்தால் மேலே வரும்போது காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும், அது இறங்கும்போது வரும் வலியைவிட மோசம் என்றார்.

இரவு கபிரிட்டு ஸ்டோபா என்ற ஆட்டுக்கறிக் குழம்பு, ஒரு தட்டு 16 டாலர். எலும்போடு நெடுநேரம் வேகவைத்தது. காரம் இல்லை, ஆனால் தட்டின் ஓரத்தில் கேட்காமலே மிளகாய்த் தொக்கு வைக்கிறார்கள். உடன் வருவது ஃபுஞ்சி. அது நம் களியேதான், மக்காச்சோள மாவில் கிண்டியது. குடிக்கப் புளிச்சாறு வந்தது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "அவா டி தமரெய்ன்". சர்க்கரை மட்டும் சற்று அதிகம். ஏலக்காயும் சுக்கும் இருந்திருந்தால் பானகம் என்றே சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தம்பி காலையில் தன் இரண்டு முக்குளிப்புகளை முடித்துவிட்டு வந்தான். பிற்பகலில் வாடகை டிரக்கில் தெற்கே போனோம். வாடகை நாளுக்கு 68 டாலர். டிரக்கைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே எதையும் வைக்காமல் போகச் சொல்கிறார்கள். பூட்டியிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பார்களாம். சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஒவ்வொன்றும் ஒரு முக்குளிப்பு இடம். வழியெங்கும் கழுதைகள் மேய்கின்றன. அவை சாலையைக் கடக்கும்வரை எல்லா வண்டிகளும் நிற்கின்றன, ஒருவரும் ஒலியெழுப்பவில்லை.

தெற்கு முனையில் உப்பளங்கள். இளஞ்சிவப்பு நீரும் வெள்ளைக் கூம்புகளும் தூத்துக்குடிக்காரர்களான எங்கள் இருவரையும் சற்று நேரம் பேசாமல் நிற்க வைத்தன. அவற்றுக்கு எதிரே, கடலைப் பார்த்தபடி, அடிமைகளுக்காக 1850 வாக்கில் கட்டிய கல் குடில்கள் இருக்கின்றன. கூரை என் தலையைத் தொடுகிறது. வாசலில் குனிந்துதான் நுழைய முடியும். இந்த உப்பை வெட்டியவர்கள் இதற்குள் படுத்திருந்தார்கள்; அவர்கள் குடும்பங்கள் தீவின் வடக்கே ரின்கோனில் இருந்தன. கரீபியனின் டச்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1863-இல்தான் ஒழிந்தது. அந்தக் குடில்களின் முன்னாலேயே இன்று அழகிய முக்குளிப்பு இடம் இருக்கிறது. டேங்க்கை முதுகில் மாட்டியபடி மக்கள் அவற்றைக் கடந்து நீரில் இறங்குகிறார்கள். உள்ளே ஒரு நிமிடமாவது குனிந்து நுழைந்துவிட்டு இறங்கலாம்.

திரும்பும் வழியில் ஹில்மா ஹூக்கர் கிடக்கும் இடத்தில் நிறுத்தினோம். போதைப்பொருள் கடத்தியதாகப் பிடிபட்டு, 1984 செப்டம்பர் 12 அன்று மூழ்கிய, 72 மீட்டர் நீளக் கப்பல் அது. தம்பி அங்கே இறங்க மிகவும் ஆசைப்பட்டான். ஆனால் கப்பலின் அடிப்பகுதி 30 மீட்டரில் இருக்கிறது. மேலே இருக்கும் பக்கமே 18 மீட்டரை ஒட்டித்தான் தொடங்குகிறது. தொடக்கச் சான்றிதழோடு போகிறவர் அதன் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், ஆனால் அங்கே போனவர் எவரும் விளிம்போடு திரும்புவதில்லை. தம்பி ஸ்னார்கல் என்ற மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்த்துவிட்டு வந்தான். கீழே சாய்ந்து கிடக்கும் நீண்ட நிழல் தெரிந்தது என்றான்.

அறைக்கு வந்தபோது பெட்டி வந்திருந்தது. தாமதத்துக்காக ஒரு சொல் எழுதிய துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஏப்ரல் 9, புதன்

இன்று முதல்முறையாக முழுமையாகக் கீழே போனேன்.

பயிற்றுநர் ஒரு மிதவைக் கயிற்றின் அருகே என்னைக் கொண்டுபோய், கால் கீழாகவும் தலை மேலாகவும் இறங்க வைத்தார். தலைகீழாகப் போனால் காது திறப்பது கடினமாம். வலி வந்த பிறகு ஊதக் கூடாது, வருவதற்கு முன்பே, ஒவ்வோர் அரை மீட்டருக்கும் ஊத வேண்டும். இறங்குமுன் அவர் சொன்னது இரண்டே சொற்கள்: "போகோ போகோ." மெல்ல மெல்ல என்று பொருள். 2 மீட்டர், 3 மீட்டர், திங்கட்கிழமை நின்ற அந்த 4 மீட்டர். அங்கே இடக் காதில் சிறு சத்தத்தோடு ஏதோ திறந்தது. அந்தச் சத்தத்தை நான் நெடுநாள் மறக்க மாட்டேன்.

10 மீட்டரில், தட்டு முடிந்து சரிவு தொடங்கும் விளிம்பில் மிதந்து நின்றோம். நீரின் வெப்பம் 27 டிகிரி. ஊதா நிறத்தில் ஆள் உயரக் குழாய்க் கடற்பஞ்சுகள், பவளத்தைக் கொறிக்கும் சத்தம் காதில் கேட்கும்படி மேயும் கிளிமீன்கள், ஓர் இணை பிரெஞ்சு ஏஞ்சல்ஃபிஷ், ஒரு பாறை இடுக்கில் வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலை. மூச்சை இழுத்தால் உடல் சற்று மேலே எழுகிறது, விட்டால் சற்று இறங்குகிறது. மூச்சை மட்டும் பிடித்து வைக்கக் கூடாது. இந்தக் கலையின் முதல் விதி அதுதான். என் டேங்க்கில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருந்தது. 100-ஐத் தொட்டதும் திரும்பினோம். சரிவின் ஓரமாகவே மெல்ல மேலேறி, உடலில் கரைந்த வாயு வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில், மணலில் ஒரு திருக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

துயரமானதையும் சொல்லத்தான் வேண்டும். மூளைப் பவளங்கள் பலவற்றில் வெள்ளைத் திட்டுகள் பரவி, சில முழுதுமே செத்து, பாசி பிடித்துக் கிடந்தன. கல்பவளங்களின் திசுவை அழிக்கும் நோய் 2023-இல் இந்தத் தீவுக்கும் வந்துவிட்டது. நோய் இடம் மாறாமலிருக்க, கருவிகளை ஒவ்வொரு நாளும் கிருமிநாசினித் தொட்டியில் முக்கி எடுக்கச் சொல்கிறார்கள். பயிற்சி நிலையத்தின் பின்கட்டில் அந்தத் தொட்டிக்கு முன் வரிசையில் நின்ற எவரும் அவசரப்படவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

"ஆயிரம் படிகள்" என்ற இடம். உண்மையில் எழுபதுக்கும் குறைவான படிகள்தான்; டேங்க்கைச் சுமந்து மேலேறும்போது ஆயிரமாகத் தெரிவதால் அந்தப் பெயர். கரையில் பாசி படிந்த பவளக் கற்கள் வழுக்குகின்றன. தடித்த அடிப்பாகம் கொண்ட காலணி இல்லாமல் இங்கே கால் வைக்கவே முடியாது. நான் ஒருமுறை சறுக்கி, முழங்கால் சிராய்ந்தது. இடுப்பளவு வந்ததும் நடக்க முயலாமல் படுத்து நீந்திவிட வேண்டும் என்பதைச் சிராய்ப்புக்குப் பிறகு கற்றேன். கரை முக்குளிப்பு எளிது என்று எழுதுகிறவர்கள் இந்த முதல் பத்து அடியைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

இரண்டாவது முக்குளிப்பில் ஓர் அழுங்காமை வந்தது. தம்பி நேற்றே சான்றிதழ் பெற்றிருந்தான். எங்களோடு துணையாக வந்தான். ஆமை சரிவின் வழியே கீழே போக, அவன் அதன் பின்னே போனான். நீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அவன் இறங்குகிறான் என்றே எனக்குத் தோன்றவில்லை. சற்றுத் தள்ளிப் போகிறான் என்றுதான் நினைத்தேன். பயிற்றுநர் தம் டேங்க்கை உலோகக் குச்சியால் மூன்று முறை தட்டினார். அவன் திரும்பிப் பார்த்தபோது அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த முக்குளிப்புக் கணிப்பொறியில் ஆழம் 21 மீட்டர்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரையேறியதும் பயிற்றுநர் முதன்முறையாக நீளமாகப் பேசினார். இங்கே படகோட்டி இல்லை, தலை எண்ணுபவர் இல்லை, எப்போது இறங்கலாம் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எல்லோரும் பொனேருக்கு வருகிறார்கள், அதனால்தான் இங்கே கவனம் இரு மடங்கு வேண்டும் என்றார். சரிவு 18 மீட்டரில் நின்று உங்களுக்காகக் காத்திருக்காது என்றார். தம்பி தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். நான் இந்தத் தீவைத் தேர்ந்த காரணமும் அவன் இன்று ஆழத்துக்குப் போன காரணமும் ஒன்றே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்ப விடுகிற கடல், போகவும் விடுகிறது. ஆகவே இங்கே வரும் புதியவர் சான்றிதழ் கிடைத்த மறுநாளே தனியாக இறங்காமல், முதல் சில முக்குளிப்புகளுக்காவது வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

படியேறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். மேலேயிருந்து இறங்கி வந்த டச்சு முதியவர் ஒருவர் "பொன் தியா" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே என் டேங்க்கை வாங்கி, மேலே கொண்டுபோய் டிரக்கில் வைத்துவிட்டு, மீண்டும் இறங்கித் தம் வழியே போனார். என் சான்றிதழும் இன்றே கைக்கு வந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

நாளை பிற்பகல் விமானம். பல முறை முக்குளித்தவர் பறப்பதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், இன்று காலையோடு சரி. உப்புத் துறைமுகத்தின் தூண்களுக்கு நடுவே இறங்க ஆசைப்பட்டு ஏழு மணிக்கே போனோம். இரவில் ஓர் உப்புக் கப்பல் வந்து கட்டியிருந்தது. கப்பல் நிற்கும்போது அங்கே எவரும் இறங்கக் கூடாது. வழிகாட்டி வண்டியைத் திருப்பி, விமான நிலையத்துக்கு அருகே உள்ள விண்ட்சாக் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார். வழிகாட்டிக் கட்டணம் ஆளுக்கு 70 டாலர். 12 மீட்டரைத் தாண்டாமல் 52 நிமிடம் இருந்தோம். ஒரு சீலா மீன் எங்களோடு நெடுநேரம் வந்தது. தம்பி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இரவு சிங்கமீன் சாப்பிட்டோம், 24 டாலர். இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த இந்த மீன் பொனேரில் முதலில் காணப்பட்டது 2009-இல். இங்கே அதை உண்ணும் எதிரி குறைவு என்பதால், பிற மீன்குஞ்சுகளைத் தின்று பெருகிவிட்டது. பயிற்சி பெற்றவர்கள் மட்டும் அதை வேட்டையாடலாம். நஞ்சு முள்ளில்தான், சதையில் இல்லை. வெண்மையாக, மென்மையாக, நம் ஊர்ப் பாறை மீனை நினைவூட்டும் சுவை.

ஏப்ரல் 12, சனி

காலையில் எங்கள் முக்குளிப்புப் பதிவேட்டில் முத்திரை வாங்கப் போனோம். பயிற்றுநர் என் திங்கட்கிழமையையும் எழுதச் சொன்னார்: ஆழம் 4 மீட்டர், நேரம் 9 நிமிடம், குறிப்பில் "காது, நிறுத்தினேன்" என்று. அதற்கும் மற்றவற்றைப் போலவே கையெழுத்திட்டார்.

தம்பி வியாழக்கிழமைப் பக்கத்தில் ஆழத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தான். அவர் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி, பேனாவை அதன் மேல் வைத்துவிட்டு, எங்களுக்குக் காப்பி ஊற்றப் போனார். திரும்பி வரும்போது அவன் 21 என்று எழுதி முடித்திருந்தான்.